விருந்தாளித் தட்டு

திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை.
சத்வாவில், பேக்கரிக்கு மேலே, மூன்றாம் மாடியில்
ஓர் அறையை ப்ளைவுட் வைத்து மூன்றாக்கிய வீட்டில்
ரைஸ் குக்கர்மேல் லேப்டாப்பைச் சாய்த்துப்
படம் பார்க்கிறோம், ஐந்து பேர்.
நாலு பேருக்கு அது தாய்மொழி.
எனக்கு லுஸ்விமிந்தா.

வந்த புதிதில் என்னை ‘ஆத்தே’ என்றார்கள்.
முப்பத்தாறு வயதில் அத்தையா என்று முகம் சுளித்தேன்.
அக்கா என்று அர்த்தமாம்.
இப்போது அப்படிக் கூப்பிடாவிட்டால் கோபம் வருகிறது.

படத்தில் ஒரு தாய்
ஒன்பது வருஷம் கழித்து ஊர் திரும்புகிறாள்.
டாக்ஸி டிக்கி மூடாத அளவுக்குப் பெட்டி.
டவல், ஷாம்பு, டின் மாமிசம், யாருக்கும் பொருந்தாத செருப்புகள்.
என் கண் போனது அவள் புருவத்துக்கு.
ஒன்பது வருஷம் யார் வீட்டுப் பாத்திரமோ கழுவியவளுக்கு
இவ்வளவு சுத்தமாக நூல் போட்டது யாரு, என்றேன்.
சிரித்தார்கள்.
செரபீனா தலையணையை வீசினாள்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை.
மகள் சோறு வைக்கிறாள்.
அப்பாவுக்கு, தம்பிக்கு, தனக்கு
விளிம்பு பெயர்ந்த தட்டு.
அம்மாவுக்கு மட்டும்
கண்ணாடி அலமாரியைத் திறந்து
பூப்போட்ட பீங்கான்.
தாய் அந்தத் தட்டையே பார்க்கிறாள்.
இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்புறம் மகள் பேச ஆரம்பித்தாள்.
நின்றபடி, கையில் கரண்டியோடு,
ஒரு மழை பெய்து ஓய்கிற நேரம்.
கீழே பேக்கரியில் மாவு மிஷின் நின்றதுகூடக் கேட்டது.
லுஸ்விமிந்தாவின் முழங்கையைத் தொட்டேன்.
என்ன சொல்றா?
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
தன் நல்ல இங்கிலீஷை எனக்காக உடைத்துச் சொன்னாள்:
சாப்பிடு, ஆறிப்போகுதுன்னு சொல்றா.

அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதானா?

அவர்கள் பாஷையில் எனக்கு முப்பது வார்த்தை தெரியும்.
‘ஹுவாக்’ தெரியும்.
சூடான மெழுகுச் சட்டியில் நான் கைவைக்கப் போன அன்று
நாலு பேரும் ஒன்றாகக் கத்தியது.
‘உவி’ தெரியும், வீடு திரும்புவது.
இரவு பத்தரைக்கு ஷட்டரை இழுக்கும்போது
தினம் யாராவது சொல்வது.
அந்தப் பெண் இரண்டையும்
ஒரே மூச்சில் சொல்லிவிட்டிருந்தாள்.

நான் கேட்கவில்லை.
லுஸ்விமிந்தாவின் மூத்தவளுக்குப் பதினாறு.
ஸ்கூல் ஃபீஸ் மாதத்தில் மட்டும்
போன் வரும்.

படம் எப்படி முடிந்தது, சரியாகத் தெரியாது.
யாரோ யாரையோ கட்டிக்கொள்ளப் போகும்போது
வைஃபை சுற்றத் தொடங்கியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
செரபீனா கருவாடு பொரிக்க எழுந்தாள்.
ஜன்னலைத் திற, பக்கத்துத் தடுப்புக்காரி சண்டைக்கு வருவாள்,
என்றது ஒரு குரல்.

எட்டு மணிக்கு என் போன்.
தூத்துக்குடி. என் மகன் ஜெபஸ்டின்.
வீடியோ வேண்டாம், வாய்ஸ் போதும் என்பவன்.
மேல்கட்டிலில் படுத்தபடி
டிசம்பர்ல வர்றேன்டா, என்றேன்.
வேண்டாம், அரையாண்டுப் பரீட்சை இருக்கு, என்றான்.
பரீட்சை இருபத்துமூணாம் தேதி முடிந்துவிடும்,
எனக்குத் தெரியும்.
அதையும் சொன்னேன்.
அதற்கப்புறம் அவன் பேசினான்.
முதல்முறையாக, அவ்வளவு நீளமாக.
ஸ்பீக்கர் போட்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை.

வைத்த பிறகு
கீழ்க்கட்டிலிலிருந்து லுஸ்விமிந்தா தலையை நீட்டினாள்.
என்ன சொன்னான் பையன்?

சாப்பிட்டானாம், என்றேன்.
மீன் குழம்பாம்.

அவளுக்குத் தமிழில் எத்தனை வார்த்தை தெரியும் என்று
எண்ணிப் பார்த்ததில்லை.
‘வேண்டாம்’ தெரியும்.
பேரம் பேசுகிற கஸ்டமர்களுக்காக
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவளும் கேட்கவில்லை.
சோறு போட்டாள், மேலே கருவாட்டில் பெரிய துண்டு.
தட்டு போதவில்லை.
குக்கர் மூடியைக் கவிழ்த்து, அதில் வைத்து,
மேலே நீட்டினாள்.